கலியாணச் செண்டு சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்போம்

செயற்கைப் பூவில் கட்டிய செண்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் பலரும் செய்வது ஒன்றுதான். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்கு ஓடி இன்னும் இரண்டு கொத்துப் பூ வாங்கி வந்து இடைவெளிகளில் செருகுவார்கள். செலவு ஏறும், செண்டு கனக்கும், குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் குறை பூவில் இல்லை. காம்பிலோ கம்பியிலோ, பசையிலோ டேப்பிலோ ஒளிந்திருக்கும். அதனால் இன்னொரு ரூபாய் செலவழிக்க முதல், உங்கள் செண்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

தேவாலயக் கலியாணத்துக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் (கலியாணப் பதிவு) வரவேற்புக்கும் இப்போது கையில் செண்டு பிடிக்காத மணப்பொம்பிளை குறைவு. மலைநாட்டிலிருந்து வரும் நல்ல ரோஜா கொழும்பு வெக்கையில் காலைப் பூசையில் நிமிர்ந்து நின்றாலும் மாலை வரவேற்பில் தலை தொங்கிவிடும். செயற்கைப் பூவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆடியில் கலியாணம் இல்லாததால் அந்த மாதத்தில் ஆறுதலாகக் கட்டி ஆவணிக்கு எடுத்து வைக்கலாம். அவசரம் இல்லாமல் கட்டிய செண்டில் கீழே சொல்லும் குறைகளில் பாதி வராது.

பூத்தலை சுற்றுகிறது, அல்லது கழன்று கையோடு வருகிறது

துணி ரோஜா ஒன்றை எடுத்துத் தலையை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். காம்பின் நுனியில் சின்ன பிளாஸ்டிக் முளை ஒன்று இருக்கும். தலை அதன்மேல் வெறுமனே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும், பசை எதுவும் இராது. கடையில் அடுக்கி வைக்க அது போதும். உடுப்பில் உரசி, கைமாறி, காரில் ஏறி இறங்கும் செண்டுக்குப் போதாது.

கட்டத் தொடங்க முதலே எல்லாத் தலைகளையும் கழற்றி, முளையில் பயறு அளவு சூட்டுப் பசை (குளூ கன்னில் உருகிவரும் பசை) வைத்து, திரும்ப அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். இதழ்த் தட்டுகள் தனித்தனியாக வழுக்கும் பூ என்றால் அடித்தட்டுக்கும் பச்சைக் கிண்ணத்துக்கும் நடுவே இன்னொரு துளி. கட்டி முடித்தபின் இந்த வேலையைச் செய்யவே முடியாது, உள்ளே விரல் போகாது.

ஃபோம் ரோஜாவில் கம்பியே கழன்றுவரும். அதற்குப் பசையை மட்டும் நம்பவேண்டாம். பூவின் அடிப்பாகத்தில் 24ஆம் இலக்க மெல்லிய கம்பியைக் குறுக்கே குத்தி, இரு முனைகளையும் கீழே மடித்துக் காம்போடு முறுக்குங்கள். கம்பியில் இலக்கம் கூடக்கூட மெலிவு. காம்புக்குப் பலம் சேர்க்க 18 அல்லது 20 வேண்டும், தைக்கவும் முறுக்கவும் 24 அல்லது 26.

டேப் ஒட்டமாட்டேன் என்கிறது

டேப் பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். பச்சை ஃப்ளோரல் டேப் சாதாரண டேப் மாதிரி ஒட்டாது. அது மெழுகு ஏறிய கடதாசி, இழுத்தால்தான் மெழுகு வெளியே வந்து பிடிக்கும். இடது கையால் காம்பைச் சுழற்றிக்கொண்டு, வலது கையால் டேப்பை அறுந்துவிடுமோ என்ற அளவுக்கு இழுத்துச் சாய்வாகக் கீழே இறக்குங்கள். இழுபடும்போது நிறம் சற்று வெளிறி, விரலில் பிசுபிசுப்பு தெரியும். அது தெரியாவிட்டால் நீங்கள் இன்னும் இழுக்கவில்லை. மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து சுற்றவும் வேண்டாம், டேப் பறந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நல்லாய்க் கட்டியும் “பிளாஸ்டிக்” என்று காட்டிக்கொடுக்கிறது

இதுதான் அதிகம் பேர் கேட்கும் குறை. இதற்குக் காரணம் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்து வருகிறது. விலை குறைந்த பூ என்பது அவற்றில் கடைசிக் காரணம்.

முதலில் இலையைப் பாருங்கள். மலிவான பூவைக் காட்டிக்கொடுப்பது இதழ் அல்ல, அதோடு வரும் தடித்த, பளபளக்கும் பச்சை இலை. எல்லாவற்றையும் கத்தரித்து வீசுங்கள். பதிலுக்கு ஒரே ஒரு கொத்து நல்ல இலை, வெளிறிய பச்சையில் வரும் யூகலிப்டஸ் போன்றது, தனியாக வாங்கிச் சின்னச் சின்னதாக வெட்டி ஓரங்களில் வையுங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பூவில் மிச்சம் பிடியுங்கள், இலையில் பிடிக்காதீர்கள்.

அடுத்தது பூக்களின் ஒரே முகம். பெட்டியில் வந்த அத்தனை ரோஜாவும் ஒரே அளவில் விரிந்து, ஒரே திசையைப் பார்த்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மரத்தில் மொட்டு இருக்கும், பாதி விரிந்தது இருக்கும், நன்றாக விரிந்ததும் இருக்கும். வெவ்வேறு பூ வாங்காமலேயே இதைச் செய்யலாம். சில பூக்களின் வெளித்தட்டுகள் இரண்டைக் கழற்றிவிட்டால் அவை மொட்டாகிவிடும். கழற்றிய இதழ்களை வேறு சில பூவின் அடியில் ஒரு துளிப் பசையில் ஒட்டினால் அவை பெரிதாகும். ஒரே பெட்டியில் மூன்று அளவு கிடைத்துவிடும்.

பிறகு ஆவி. துணிப் பூ அட்டைப்பெட்டியில் நசுங்கி வந்திருக்கும், இதழில் மடிப்புக் கோடு இருக்கும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூவைத் தலைகீழாகப் பிடியுங்கள். சில விநாடிகளில் இதழ் தளரும். வெளியே எடுத்து, சூடு ஆற முதல், இதழின் ஓரத்தைப் பென்சிலில் சுற்றிப் பின்பக்கம் வளைத்து விடுங்கள். நடுவில் இருக்கும் இதழ்களை உள்ளுக்கு ஒடுக்குங்கள். ஆறினால் அந்த வடிவம் நிற்கும், ஏனென்றால் கடையில் “சில்க்” என்று விற்கும் பூ அநேகமாக பொலியெஸ்டர், சூட்டில் இளகி ஆறும்போது வளைந்தபடியே நின்றுவிடும். கையில் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி தோலைச் சுடும். ஃபோம் பூவுக்கும், தொட்டால் நிஜப் பூப்போல இருக்கும் “ரியல் டச்” பூவுக்கும் கேத்தல் ஆவி கூடாது, சுருங்கலாம். அவற்றுக்கு ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில் தூர வைத்துப் பிடித்தால் போதும்.

இதழ் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு கணம் காட்டி எடுங்கள். நூல்நுனி உருகி அடைந்துகொள்ளும். வெள்ளைப் பூவில் சுவாலை தொட்டால் கறுப்புக் கரை பிடிக்கும், ஆகவே அதற்குக் கூரிய கத்தரிக்கோல் நல்லது.

கடைசியாகப் பளபளப்பும் நிறமும். இயற்கை இதழ் முழுக்க ஒரே நிறமாக இருப்பதில்லை. அடியில் வெளிறிய பச்சையோ மஞ்சளோ, ஓரத்தில் சற்று ஆழ்ந்த நிறமோ இருக்கும். பழைய ஐ ஷேடோ தூள் (கண்ணிமைக்குப் பூசுவது), அதுவும் மினுக்கம் இல்லாதது, இருந்தால் மெல்லிய தூரிகையில் தொட்டு, ஊதிவிட்டு, மிச்சத்தை இதழ் ஓரத்தில் தடவுங்கள். வெளிர் ரோசாவுக்கு ஓரத்தில் ஒரு சாயல் ஆழ்ந்த ரோசா, வெள்ளைக்கு அடியில் வெளிர்ப்பச்சை. எல்லாப் பூவுக்கும் வேண்டாம், மூன்றில் ஒன்றுக்குப் போதும். தூள் உதிர்ந்து சேலையில் படாமலிருக்க நன்றாகத் தட்டிவிட்டே கட்டுங்கள். ஃப்ளாஷ் அடித்தால் மின்னும் இதழுக்கு முகப்பவுடரைத் தூரிகையால் மிக இலேசாகத் தொட்டால் மினுக்கம் அடங்கும்.

பிளாஸ்டிக் “பனித்துளி” ஒட்டிய பூ வாங்கவே வேண்டாம். நடு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் அது தெரியும்.

வெள்ளைப் பூக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

வீட்டில் சரியாக இருந்தது, படத்தில் பார்த்தால் பாதி நீலம், பாதி மஞ்சள். கொழும்பில் இந்தக் குறை அதிகம் வரக் காரணம் நாம் பூ வாங்கும் இடம். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கடை நீளமாக உள்ளே போகும், வெயில் வராது, மேலே குழல் விளக்குத்தான். அந்த வெளிச்சத்தில் பால் வெள்ளையும் கிறீம் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். போதாததற்குப் பல செயற்கைத் துணிகளில் வெண்மையைத் தூக்கிக் காட்டும் மருந்து ஏற்றியிருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாக விடும். வெயிலில் பளிச்சென்று வெளுக்கும், வரவேற்பு மண்டபத்தில் ஊதா விளக்குப் போட்டால் நீலமாக ஒளிரவும் செய்யும். மருந்து இல்லாத பூ பக்கத்தில் அழுக்காகத் தெரியும்.

வாங்கும்போது மூன்று வேலை. பூவைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். சேலையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். தேவையானது முழுவதையும் ஒரே தரம், ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். “அண்ணா, கலியாணத்துக்கு. ஒரே பெட்டியில இருந்தே எடுத்துத் தாங்கோ” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் உள்ளே போய் உடைக்காத பெட்டி கொண்டுவருவார்கள். வெள்ளி மத்தியானம் ஜும்மா நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும், வேறொரு நாள் காலையில் போவது வசதி. கணக்கும் தெரிந்து போங்கள். 22 சென்டிமீட்டர் அகலமுள்ள உருண்டைச் செண்டுக்கு, தலை 7 சென்டிமீட்டர் உள்ள ரோஜா ஏறக்குறைய 18 முதல் 20 வரை போதும். பழுதுக்கு மூன்று கூட.

ஏற்கெனவே வாங்கியாயிற்று, நிறம் ஒக்கவில்லை என்றால் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பருத்தித் துணிக்குச் சரி, பொலியெஸ்டரில் தேயிலைச் சாயம் சரியாக ஏறாது, திட்டுத்திட்டாக வரும். அதைவிட, இரண்டு வெள்ளையையும் கலக்காமல் பிரித்துவிடுங்கள். மஞ்சள் சாயல் உள்ளவை நடுவில் ஒரு கூட்டமாக, நீலச் சாயல் உள்ளவை ஓரமாக, இடையில் இலையோ வெளிர் ரோசாவோ ஒரு வரிசை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறையாகத் தெரியும் வித்தியாசம், தள்ளி வைத்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். சிவப்புக் கூறைக்குப் பிடிக்கும் செண்டு என்றால் கிறீம் வெள்ளைதான் என் தெரிவு. கூறையின் சரிகையோடு அது சேரும், பால் வெள்ளை தனியாகத் துள்ளி நிற்கும்.

ஒட்டினது விடுகிறது

சூட்டுப் பசை மூன்று காரணத்தால் விடும். ஒன்று, பூக்காம்பின் பிளாஸ்டிக். அது பெரும்பாலும் மெழுகு மாதிரி வழுக்கும் பொலித்தீன் வகை, அதில் எந்தப் பசையும் இறுகப் பிடிக்காது. மண்கடதாசியால் உரசிவிட்டு ஒட்டுங்கள். பாரம் தாங்கும் இடமென்றால் கம்பியால் கட்டுங்கள், பசையைத் துணைக்கு மட்டும் வையுங்கள்.

இரண்டு, பசை ஆறியபின் அழுத்துவது. குளூ கன்னிலிருந்து வந்த பசை சில விநாடிகள்தான் பிடிக்கும் நிலையில் இருக்கும். மின்விசிறிக் காற்றில் இன்னும் சீக்கிரம் தோல் கட்டும். ஒரு துளி, ஒரு பூ, ஓர் அழுத்து என்று போங்கள், வரிசையாகப் பசை வைத்துவிட்டுப் பிறகு பூ தேடாதீர்கள்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது: கார். வெயிலில் மூடி நிறுத்திய காரின் முன் தட்டு 70 பாகை செல்சியஸ் வரை சுடலாம். அந்தச் சூட்டில் பசை திரும்ப இளகும், தலைகள் ஒவ்வொன்றாகச் சரியும். கொட்டாஞ்சேனையில் பூசை முடித்து, காலிமுகத்திடலில் படம் எடுத்து, வெள்ளவத்தையில் மண்டபம் என்றால் நடுவில் கார் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கும் என்று யோசியுங்கள். செண்டு காரில் தங்கக் கூடாது, யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும்.

பசையின் சிலந்தி நூல்கள் இதழெல்லாம் தொங்கினால் ஹெயார் டிரையரை ஓடவிட்டுக் கடந்துபோங்கள், சுருண்டு போய்விடும். மிச்சத்தை இடுக்கியால் எடுக்கலாம்.

ஃபோம் பூ உருகுகிறது, ரிஜிபோம் கரைகிறது

குளூ கன் இரண்டு வகை. அதிகச் சூட்டு வகை 190 பாகை வரை போகும், குறைந்த சூட்டு வகை 120 பாகை அளவில் நிற்கும். ஃபோமுக்கும் ரிஜிபோமுக்கும் (தெர்மோகோல்) இரண்டாவதுதான். கையில் முதல் வகைதான் இருக்கிறதென்றால் பசையை முதலில் ஒரு கடதாசித் துண்டில் இறக்கி, சற்று ஆறவிட்டு, குச்சியால் தொட்டு வையுங்கள். ஸ்பிரே பெயின்ற் ரிஜிபோமைத் தின்றுவிடும், அதன் கரைப்பானுக்கு ரிஜிபோம் தாங்காது. தங்க நிறம் அடிக்க ஆசை என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்றைத் தூரிகையால் பூசுங்கள்.

ஒரு பக்கம் சாய்கிறது, நடுவில் ஓட்டை தெரிகிறது

ஓட்டையை அடைக்கப் பூ தேடாதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள். காம்புகளை நேர்நேராகச் சேர்த்துப் பிடித்தால் தலைகள் ஒன்றையொன்று தள்ளும், சில மேலே ஏறும், நடுவில் குழி விழும். நடுப்பூ ஒன்றை நேராகப் பிடித்து, அடுத்த ஒவ்வொரு பூவையும் அதன்மேல் சாய்வாக, ஒரே திசையில் வையுங்கள். ஒன்று வைத்ததும் கட்டைக் கையில் கொஞ்சம் திருப்புங்கள், பிறகு அடுத்தது. குடைக் கம்பிகள் விரிவதுபோல் தலைகள் விரிந்து தானாக உருண்டை வரும். ஒரு காம்பு எதிர்த்திசையில் போனால் முழுக்கட்டும் இறுகாது. எடுத்து மாற்றிவிடுங்கள்.

கண்ணாடிக்கு முன் பிடித்துப் பாருங்கள். நீங்கள் மேலே இருந்து பார்ப்பது வேறு, படமெடுப்பவர் முன்னால் இருந்து பார்ப்பது வேறு. செண்டைத் தொப்புளுக்கு நேரே, முழங்கை தளர்ந்திருக்கப் பிடிக்கவேண்டும். நெஞ்சுக்கு ஏறினால் பதக்கமும் கொடியும் மறைந்துவிடும்.

கைப்பிடி தடிக்கிறது, கை வலிக்கிறது

இருபது காம்பும் அடிவரை வந்தால் பிடி மொத்தமாகத்தான் இருக்கும். நடுவில் ஏழெட்டுக் காம்பை மட்டும் முழு நீளத்துக்கு விட்டு, மற்றவற்றைக் கட்டுக்குக் கீழே மூன்று விரல் அகலத்தில் மேலும் கீழுமாக வெட்டுங்கள். ஒரே மட்டத்தில் வெட்டினால் அந்த இடத்தில் படி தெரியும். பெருவிரலும் நடுவிரலும் சுற்றிவந்து தொட்டுக்கொள்ளும் தடிப்புச் சரியானது. நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர். வெட்டிய கம்பி முனைகளில் ஒரு துளிப் பசை வைத்துப் பஞ்சு சுற்றி மூடுங்கள், இல்லாவிட்டால் சேலையில் இழை இழுக்கும். விலையான பட்டில் ஒரு இழை போனால் செண்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

ரிப்பன் வழுக்குகிறது, நிறம் விடுகிறது

சற்றின் ரிப்பன் வழுக்காமல் இருக்க அடியில் இரட்டைப்பக்க டேப் ஒரு சுற்று. முத்துத் தலை ஊசி குத்தும்போது காம்புகளுக்குச் சமாந்தரமாக, மேல்நோக்கிச் சாய்த்து ஏற்றுங்கள். குறுக்கே குத்தினால் கூர் மறுபக்கம் வந்து கையைக் கிழிக்கும்.

நிறம் விடுவது பெரிய ஆபத்து. கொழும்பில் கை வியர்க்காத பொம்பிளை இல்லை. ரிப்பன், சிவப்புப் பூ, ஊதாப் பூ எதுவானாலும், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் வந்தால் அந்தப் பொருள் செண்டுக்கு உதவாது, வீட்டு அலங்காரத்துக்கு வையுங்கள். கழுவிக் கழுவிச் சாயம் போக்கப் பார்ப்பது வீண் வேலை.

எடுத்து வைத்த செண்டில் பழுப்புக் கறை

கம்பித் துரு. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பூச்சில்லாத இரும்புக் கம்பி சில வாரத்தில் துருவேறி ரிப்பனில் ஊறும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியிலும் வெட்டிய முனை திறந்தே இருக்கும், அதனால்தான் மேலே முனைக்குப் பசை சொன்னேன். கறை வந்துவிட்டால் ரிப்பனை மட்டும் உரித்து, டேப் மாற்றி, புது ரிப்பன் சுற்றுங்கள். பூவைத் தொடவேண்டாம். சேமிக்கும்போது அட்டைப்பெட்டி, உள்ளே பழைய பருத்திச் சேலைத் துண்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. யன்னல் வெயில் படும் அலுமாரி மேல் வேண்டாம், வெள்ளை ஃபோம் மஞ்சளாகும்.

வாசமே இல்லை, அல்லது பிளாஸ்டிக் மணம்

பிளாஸ்டிக் மணத்துக்கு நிழலில் சில நாள் காற்றாட வைத்தால் போதும். சென்ட் அடித்தால் கறை பிடிக்கலாம். வாசம் வேண்டுமென்றால் அன்று காலையில் கோயில் வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்கி, பூத்தலைகளுக்குக் கீழே, கைப்பிடி தொடங்கும் இடத்தில் சுற்றுங்கள். இரவே கழற்றிவிடுங்கள், வாடிய பூ பழுப்புக் கறை விடும்.

கலியாண நாளில் பழுதானால்

தோழியின் கைப்பையில் 26ஆம் இலக்கக் கம்பி ஒரு சுருள், சின்னக் குறடு, முத்து ஊசி நாலைந்து, இரட்டைப்பக்க டேப், ஒரு யார் (கெஜம்) நீள ரிப்பன். குளூ கன் வேண்டாம், மண்டபத்தில் பிளக் தேடிச் சூடேறும் வரை யாரும் காத்திருக்கமாட்டார்கள். கழன்ற தலையைக் கம்பியால் குத்திப் பக்கத்துக் காம்போடு கட்டினால் அன்றைக்கு நிற்கும். குத்துவிளக்கு ஏற்றும்போதும் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றும்போதும் செண்டு பொம்பிளை கையில் இருக்கக் கூடாது. பொலியெஸ்டர் இதழ் தீப்பட்டால் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கடிக்குப் போக முதல் செண்டை வாங்கிவைப்பது தோழியின் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.